அவர் தலையில் கை வைத்தது யார்?

கிராமத்துச் சபையில் ஐயரம்மா, அதாவது ஐயர் எனப்படும் குருவானவரின் மனைவி, காலமானால் நினைவு மலர் ஒன்று அச்சாகும். அதற்கான வாசகத்தை அச்சகத்துக்காரரே யாரையும் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிடுவார்: தியாகச் சுடர், ஊழியத்தின் உறுதுணை, ஐயரவர்களின் நிழல், பலன் கருதாப் பணிவிடை. அந்த அம்மா யாரைப் படிக்கவைத்தார், எந்த வீட்டுச் சண்டையைத் தீர்த்தார், எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார் என்று ஒரு வரி இருக்காது. அந்த மலர்களில் உறைந்து கிடக்கும் கருத்தைத்தான் இங்கே மறுக்கிறேன்.

முதலில் அதை, நம்புகிறவர்கள் ஒப்புக்கொள்ளும் விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியக்காரருக்கு வாழ்க்கைப்படும் பெண் ஊழியத்துக்கும் சேர்த்தே வாழ்க்கைப்படுகிறாள். ஆண்டவர் அழைப்பது குடும்பத்தை. கணவர் பிரசங்க பீடத்தில் நிற்க, மனைவி பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் ஓய்வுநாள் பள்ளியையும் நோயாளி வீடுகளையும் பார்த்துக்கொள்வது இயல்பாய் அமைந்த பங்கீடு. அதற்குப் பதவியும் பணமும் பேசினால் ஊழியம் உத்தியோகமாகிவிடும். எத்தனையோ ஐயரம்மாக்கள் முணுமுணுப்பின்றி, மனம் நிறைந்து செய்து, ஊராரின் அன்பைச் சம்பாதித்திருக்கிறார்கள்; அந்த அன்புக்கு விலை போட முடியுமா?

இது அற்பமான கருத்து இல்லை. இதை நம்பி ஆயுளையே கொடுத்த பெண்கள் தென் மாவட்டங்களில் சேகரத்துக்குச் சேகரம் (ஓர் ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளிலோ பாஸ்டரம்மா இல்லாமல் சபை ஓடாது. ஆனாலும் கருத்து தவறு. அந்தப் பெண்களைப் புகழ்ந்துகொண்டே அவர்கள் செய்ததைப் பார்க்க மறுக்கிறது. ‘தியாகம்’ என்று சொன்ன உடனே கணக்கு மூடிவிடுகிறது. பிறகு யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

என்ன வேலை என்று யாரும் எழுதிவைப்பதில்லை. நான் சேகரக் கமிட்டியில் இருந்த காலத்தில் குருவானவரின் பொறுப்புகள் வரிவரியாக வாசிக்கப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். ஐயரம்மா மினிட் புத்தகத்தில் வருவது ‘தேநீர் உபசரிப்புக்கு நன்றி’ என்ற இடத்தில் மட்டும். ஆனால் சனிக்கிழமை திருவிருந்து மேசை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடுவது அவர். லெந்து நாட்களில் ஊதா, பண்டிகைக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குச் சிவப்பு என்று பார்த்து எடுத்துவைப்பது அவர். பல குருமனைகளில் நற்கருணைக்குத் திராட்சரசம் போட்டு வைப்பதும் அவர்தான். ஓய்வுநாள் பள்ளிக்கு வாத்தியார் வராத வாரம் இரண்டு வகுப்பைச் சேர்த்து எடுப்பார். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. டிசம்பரில் கேரல் ரவுண்டு முடிந்து நடுச்சாமத்தில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்குக் காபி. பெண்கள் கூட்டத்தில் சேரும் பிடியரிசியை அளந்து, விற்று, கணக்கெழுதி ஒப்படைக்க வேண்டும். அசனம் என்ற சபை விருந்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். காய் நறுக்கப் பெண்களைச் சேர்க்கும் பொறுப்பு மட்டும் பங்களா என்று ஊரார் சொல்லும் குருமனையின் அடுக்களைக்கு வந்துவிடும்.

இவை கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாதது பின்வாசலில் நடக்கிறது. முன்வாசலில் ஐயரைப் பார்க்க ஆண்கள் வருவார்கள்: ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாண ஓலை, கல்லறைத் தோட்டத்து எல்லைத் தகராறு. பின்வாசலில் பெண்கள் வருவார்கள். குடித்துவிட்டு அடித்த புருஷன், நாள் தள்ளிப்போன மகள், மகளிர் குழுக் கடனுக்குக் கட்டாத தவணை, மாமியார் வாங்கி அடகு வைத்த தாலிச்சங்கிலி. ஐயரிடம் சொல்லக் கூசுவது எல்லாம் அந்த வாசலுக்கு வரும். அதைக் கேட்கத் தேர்ச்சி வேண்டும். எதை யாரிடம் சொல்லக் கூடாது, எதைக் காவல் நிலையம் வரை கொண்டுபோயே தீர வேண்டும், எந்த வீட்டுக்கு நேரே போய் விசாரித்தால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு அடி விழும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கேட்டதைச் சொந்தக் கணவரிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் ஐயரம்மாக்கள் உண்டு. அடித்தவர் கமிட்டி உறுப்பினராக இருப்பார், ஐயருக்குத் தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் முகத்தில் தெரிந்துவிடும். இறையியல் கல்லூரியில் இதற்கு ஆற்றுப்படுத்தல் என்று பெயர். பாடமும் தேர்வும் உண்டு. ஊரில் இதற்குப் பெயர், ‘அம்மாகிட்ட கொஞ்சம் பேசிட்டு வந்தேன்.’

சாதியும் அந்த வாசலில் வந்து நிற்கும். ஐயர் ஒரு சாதி, சேகரத்து ஊர்களில் பாதி வேறு சாதி என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். கோயிலில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணியிருக்கலாம். ஆனால் ஐயரம்மா எந்த வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார், எந்த வீட்டில் ‘இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்’ என்றார் என்பதை ஊர் மறக்காது. தலித் தெருவில் ஒரு துக்க வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால், சமத்துவம் பற்றிய பிரசங்கத்தைவிட அது வெகுதூரம் போகும். அதே காரணத்துக்காக, ‘ஐயரை மாற்றுங்கள்’ என்று பேராயரின் திருமண்டல அலுவலகத்துக்கு மனுப் போவதும் உண்டு. சமையலறைக்குள் அடங்கிய துணைவேலை என்று இதையா சொல்வது?

இனி, அவர்கள் வைக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. அழைப்பு இருவருக்கும் என்றால் சோதனை ஏன் ஒருவருக்கு மட்டும்?

ஒரு வாலிபன் குருத்துவத்துக்கு முன்வந்தால் திருமண்டலம் லேசில் விடுவதில்லை. சேகரத்து ஐயர் பரிந்துரைக்க வேண்டும். தேர்வுக் குழு கேள்வி கேட்கும். இறையியல் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். பயிற்சிக் காலம் கழிய வேண்டும். அதன்பிறகே பேராயர் அவர் தலையில் கை வைக்கிறார். அழைப்பு மெய்யா என்று சபை இவ்வளவு தூரம் விசாரிக்கிறது. சரிதான்.

அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை யார் விசாரித்தார்கள்? பெண் பார்க்கப் போன இடத்தில் ‘பாட்டு வருமா, ஜெபம் பண்ணுவாளா’ என்று கேட்டதைத் தவிர வேறு சோதனை உண்டா? அவர் பி.காம். படித்திருக்கலாம், செவிலியராக இருக்கலாம், கூட்டத்தைக் கண்டாலே நா எழாத சுபாவமாக இருக்கலாம். தாலி ஏறிய மறுவாரம் அவர் பெண்கள் சங்கத் தலைவி. அவருடைய அழைப்பைச் சபை கேட்டு அறியவில்லை. கணவருடைய அழைப்பிலிருந்து கழித்து எடுத்துக்கொண்டது.

பெண்ணின் அழைப்பைச் சோதித்து அறிய வழியில்லை என்றும் சொல்ல முடியாது. தென்னிந்தியத் திருச்சபை 1970களிலிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்து வருகிறது. 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா பேராயராகவே அபிஷேகம் பெற்றார். ஆக, பெண்ணை அழைத்து, சோதித்து, பயிற்றுவித்து, கை வைத்து அனுப்பும் முறை இதே சபையிடம் இருக்கிறது. ஐயரம்மா என்று வரும்போது மட்டும் அந்த முறை மறந்துபோகிறது. அழைப்பு மெய் என்றால் அந்த முறைப்படி அவரையும் நடத்துங்கள். இல்லையென்றால் அவர் ஒரு சபை உறுப்பினரின் மனைவி. விருப்பமிருந்தால் வருவார், இல்லாவிட்டால் வரமாட்டார். அழைப்பின் பாரத்தை மட்டும் ஏற்றிவிட்டு அதன் உரிமையை மறுக்கிற மூன்றாவது வழி ஒன்று கிடையாது.

2. வேதம் யார் பக்கம்?

‘வேதத்தில் மனைவி துணை’ என்று ஆதியாகமத்தில் தொடங்கி நீதிமொழிகள் 31இல் முடிப்பார்கள். அந்த 31ஆம் அதிகாரத்தை ஐயரம்மா அடக்க ஆராதனைகளில் எத்தனையோ முறை கேட்டாயிற்று. அந்தப் பெண் விடியுமுன் எழுவதும் வீட்டாருக்குச் சாப்பாடு போடுவதும் மட்டும் பிரசங்கத்தில் வரும். அவள் வயலைப் பார்த்து விலைபேசி வாங்குகிறவள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறவள், துணி நெய்து வியாபாரிகளிடம் விற்கிறவள் என்ற பகுதி வருவதில்லை. அவளுடைய கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கச் சொல்லித்தான் அந்த அதிகாரம் முடிகிறது. அந்தக் கடைசி வசனத்தின்மேல் ஒரு பிரசங்கம் நான் இன்னும் கேட்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. இன்றைய சேகரமாக இருந்தால் என்ன செய்திருக்கும்? ‘பேதுருவின் சம்சாரத்திடம் சொல்லுங்கள், பார்த்துக்கொள்வார்கள்’ என்றிருக்கும். பேதுருவுக்குச் சம்சாரம் இருந்தார்; அவருடைய மாமியாரின் காய்ச்சலைப் பற்றிச் சுவிசேஷமே சொல்கிறது. ஆனால் அப்போஸ்தலர் அந்த அம்மாளைத் தேடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு ஆண்களைச் சபையார் தெரிந்தெடுத்தார்கள். ஜெபம்பண்ணி அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். பந்தி விசாரிப்பதற்குத்தான் இத்தனையும்! அந்த எழுவரில் ஒருவர் ஸ்தேவான், இன்னொருவர் பிலிப்பு. சோறு பங்கிடுவதை ஆதிச் சபை அபிஷேகத்துக்குரிய பொறுப்பாகப் பார்த்தது. நாம் அதைப் பெண்ணின் சுபாவம் என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்கிறோம்.

பவுலையும் விட்டுவிட வேண்டாம். 1 கொரிந்தியர் 9இல் அவர் தம் உரிமைகளைப் பட்டியலிடும்போது, கேபாவும் (பேதுருவும்) மற்ற அப்போஸ்தலரும் செய்வதுபோல விசுவாசியான மனைவியைக் கூட்டிக்கொண்டு திரிய தமக்கும் உரிமையில்லையா என்று கேட்கிறார். அந்த அதிகாரத்தின் முற்பகுதி ஊழியரைத் தாங்கும் சபையின் கடமையைப் பற்றியது. அதாவது, கூட வரும் மனைவியின் பிழைப்பும் சபையின் பொறுப்பு என்பது அன்றைக்கே பேசப்பட்ட விஷயம். ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் பெபேயாள் தன் பெயரில், தன் பொறுப்போடு நிற்கிறார். யாருடைய மனைவி என்று பவுல் சொல்லவில்லை. பிரிஸ்கில்லாளுக்குக் கணவர் உண்டு, ஆனால் அதே பட்டியலில் அந்த அம்மாள் பெயர்தான் முதலில் வருகிறது. அப்பொல்லோவுக்கு உபதேசம் செய்தவர்களில் அவரும் ஒருவர். அவர்கள் பிழைப்புக்குக் கூடாரம் கட்டினார்கள். வேலைக்குப் போகும் ஐயரம்மாவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசிக்கலாம்.

3. ‘அந்தக் காலத்து அம்மாக்கள் கேட்டார்களா?’

இதுதான் கமிட்டியில் எப்போதும் கடைசியாக வரும் ஆயுதம். மிஷனரிகளின் மனைவிமார் பெயரை இழுப்பார்கள். சரி, அவர்களையே பார்ப்போம்.

மார்த்தா மால்ட் தம் கணவர் சார்லஸ் மால்ட்டோடு 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அங்கே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியும், 1820களில் தொடங்கி ஊரெங்கும் பரவிய லேஸ் பின்னலும் அவர் பெயரோடு சேர்ந்தவை. அந்தப் பின்னலை இங்கிலாந்துவரை அனுப்பி விற்றார்கள். பின்னிய பெண்களின் கையில் முதன்முறையாகச் சொந்தக் காசு வந்தது. கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் நடந்த போராட்டத்தில், 1829 அரசாணை அனுமதித்த குப்பாயத்தை வடிவமைத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தது மிஷன் வீட்டுப் பெண்கள்தான். அந்தப் போராட்டம் முடிய 1859 ஆயிற்று.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து தமிழோடு வளர்ந்தவர். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். தேரி மணலும் பனையும் தவிர அதிகம் ஏதுமில்லாத ஊர். பெண்கள் பள்ளியையும் லேஸ் தொழிலையும் அங்கே நடத்தினார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தை நாம் எல்லாரும் அறிவோம். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது அவருக்கு மெரினாவில் சிலையும் எழுந்தது. அவர் 1891இல் காலமானபின் எட்டாண்டு வாழ்ந்து 1899இல் மறைந்த எலைசாவைப் பற்றிக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் விழிப்பார்கள்.

தமிழ் ஐயரம்மாக்களில் ஒருவர் அன்னாள் சத்தியநாதன். கடாட்சபுரம் ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். சத்தியநாதன் ஐயரின் மனைவி. சென்னையில் பெண்குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார், வெளியே வராத பெண்களை வீடு தேடிப்போய்ப் படிக்கவைத்தார், ‘நல்ல தாய்’ என்று தமிழில் ஒரு நூலும் எழுதினார். 1878இல் காலமானார்.

இந்தப் பெண்களைக் காட்டி, ‘பார், ஒன்றும் கேட்கவில்லை’ என்பவர்கள், அவர்களிடம் என்ன இருந்தது என்பதைச் சொல்வதில்லை. அவர்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு காரியம் இருந்தது: ஒரு பள்ளி, ஒரு தொழில், அதற்கென்று வரவு செலவு. அன்றைய மிஷனரி வீடுகளில் வீட்டு வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். இன்றைய ஐயரம்மாவிடம் இருப்பது ஒரு கேஸ் அடுப்பும், சேகரத்து மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையும்.

இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன்களில் ‘பைபிள் உமன்’ என்று ஒரு பொறுப்பு இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி எழுத்தும் சொல்லிக்கொடுத்த அந்தத் தமிழ்ப் பெண்களுக்கு மாதப் படி உண்டு, மேற்பார்வை உண்டு, அறிக்கை உண்டு. பெண்ணின் ஊழியத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கம் நம் சபைக்குப் புதியது என்பது பொய். ஒரு காலத்தில் கொடுத்தோம். அந்தப் பொறுப்பைச் சுருக்கி, அதன் வேலையைக் குருமனைக்குள் தள்ளிவிட்டோம்.

மிஷன் சங்கங்கள் மிஷனரியின் மனைவிக்குத் தனிச் சம்பளம் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். மணமான மிஷனரியை அனுப்பினால் ஒரு சம்பளத்துக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள் என்பது அவர்கள் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கே வழக்கமாகி நம்மிடம் வந்து சேர்ந்தது. குடும்பத்துக்கே அழைப்பு என்று நாம் பயபக்தியோடு சொல்வதில் பாதிக்கு மேல் லண்டன் அலுவலகம் ஒன்றின் சிக்கனம்.

4. கூலி வந்தால் அன்பு போய்விடுமாம்!

அப்படியானால் ஐயருக்கு அன்பு கிடையாதா? அவர் சம்பளம் வாங்குகிறார். பெட்ரோல் படியும் வாங்குகிறார். மணியடிக்கும் கோயில்குட்டியாருக்கு மாதம் ஏதோ உண்டு. கன்வென்ஷனுக்கு வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியாருக்குக் காணிக்கைக் கவர் உண்டு. அது மெல்லியதாக இருந்தால் அடுத்த ஆண்டு வருவதில்லை. இவர்கள் யாருடைய அன்பும் பணத்தால் கெட்டதாக நாம் கவலைப்பட்டதில்லை. மனைவியின் அன்பு மட்டும் காசு பட்டால் கறுத்துவிடும் கவரிங் நகையா?

பணம் ஊழியத்தைக் கெடுக்கும் என்ற பயம் நியாயமானது. கெடுத்தும் இருக்கிறது, திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தப் பயத்தை முதலில் பிரயோகிக்க வேண்டிய இடம் குருமனை அடுக்களையா?

5. ‘அவர்கள் விரும்பித்தானே செய்கிறார்கள்?’

பலர் விரும்பித்தான் செய்கிறார்கள். இதை மறுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐயரம்மா என்றாலே பாவப்பட்ட ஜென்மம் என்று நகரத்திலிருந்து எழுதுபவர்கள் பின்வாசலில் நடப்பதைப் பார்த்ததில்லை. ஊர்ப் பெண்கள் அவரிடம் வைக்கும் நம்பிக்கை ஒரு அதிகாரம். அதை ரசித்து, நிதானமாய்க் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கணவரைவிட நன்றாகப் பிரசங்கிப்பவர்களும் உண்டு. கணவருக்கும் அது தெரியும்.

ஆனால் விருப்பம் எங்கே தெரியும்? மாட்டேன் என்று சொல்ல இடமிருக்கும் இடத்தில்தான் தெரியும். ஐயரம்மாவுக்கு அந்த இடம் உண்டா? அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் ஐயரம்மா ஒருவர் மாலை ஆறு மணிக்குத்தான் ஊர் திரும்புவார் என்று வையுங்கள். மூன்றே மாதத்தில் பேச்சு கிளம்பும்: ‘பங்களா பூட்டியே கெடக்கு, நம்ம சேகரத்துக்கு அம்மா இல்ல.’ புகார் அவர்மேல் போகாது, கணவர்மேல் போகும். பெண்கள் கூட்டத்துக்கு இரண்டு வாரம் வராவிட்டால் ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்பார்கள். மனம் வரவில்லை என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. இப்படி இருக்கும்போது, அவர் சிரித்த முகத்தோடு வருவதை எதற்குச் சாட்சியாகக் காட்டுகிறீர்கள்?

சில ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றக் கடிதம் வரும். அது ஐயர் பெயருக்கு வரும். தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த மனைவி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். புதிய ஊரில் அப்படியொரு மருத்துவமனை இருந்தால் புண்ணியம். நாலு இடமாற்றத்துக்குப் பிறகு அவர் விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிடுவார். அதையும் நினைவு மலரில் தியாகம் என்று எழுதலாம். யாரோ போட்ட கடிதத்தால் போன வேலைக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

ஐயர் பணியிலிருக்கும்போதே காலமானால் நிலைமை இன்னும் அப்பட்டமாகும். குருமனை அடுத்த ஐயருக்கு வேண்டும். துக்கம் விசாரிக்க வந்தவர்களே, எப்போது காலி செய்வீர்கள் என்று நாசூக்காகக் கேட்பார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டு ஊர்ஊராய் ஊழியம் செய்த பெண்ணுக்குச் சொந்தமாய் ஒரு விலாசம் இருக்காது. பெரிய திருமண்டலங்களில் குருவானவரின் குடும்பத்துக்கு ஏதோவொரு ஏற்பாடு உண்டு. அதுவும் அவர் உழைப்புக்காக வருவதில்லை, இறந்தவரின் மனைவி என்பதற்காக வருகிறது. சிறிய சுயாதீனச் சபைகளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை. கணவர் இறந்த மறுவாரமே பல இடங்களில் பாஸ்டரம்மா பிரசங்கிக்கத் தொடங்குகிறார், உபவாச ஜெபத்தை நடத்துகிறார், சபையும் கலையாமல் நிற்கிறது. ஒரே வாரத்தில் யாரும் ஊழியம் கற்றுக்கொள்வதில்லை. இத்தனை வருடமும் அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

6. ‘இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு.’

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. தமிழ்நாட்டரசு 2023 செப்டம்பர் 15 அன்று தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு உரிமைத் தொகை என்று பெயர். அதே ஆண்டு ஜூனில், கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கோட்டையும் நீதிமன்றமும் எண்ணத் தொடங்கிவிட்டன. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததில் முன்னால் நின்ற சபை, இதில் மட்டும் ஏன் கடைசியில் வர வேண்டும்?

7. ‘எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது?’

இந்தக் கேள்வி வந்துவிட்டால் மற்ற ஆறு வாதங்களும் தோற்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான தடை எப்போதும் இதுதான். வேதமும் பாரம்பரியமும் அதற்கு முன்னால் நிறுத்திய காவலாளிகள்.

முதலில், கேட்பதில் பாதிக்குப் பணமே வேண்டாம். புதிய சேகரத்துக்கு ஐயர் வரும்போது, அவர் மனைவி எந்தப் பொறுப்பை ஏற்க விரும்புகிறார், எதை விரும்பவில்லை என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளக் காசு செலவாகாது. பெண்கள் சங்கத்துக்குத் தலைவியைச் சங்கத்துப் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும். ஐயரம்மா விரும்பினால் போட்டியிடட்டும். பொறுப்பு ஏற்றவருக்கு ஞாயிறு ஆராதனையில் சபையார் முன் ஜெபித்துக் கை வைத்து அனுப்புவதற்கும் செலவில்லை. சேகரக் கமிட்டியில் உட்காரவும் வாக்களிக்கவும் இடம் கொடுக்கலாம். வேலைக்குப் போகிறவரைப் பற்றிப் புகார் வந்தால், ‘அவர் எங்கள் ஊழியர் அல்ல’ என்று திருமண்டலம் ஒரு வரியில் பதில் எழுதலாம்.

பணம் வேண்டியது பயிற்சிக்கும், மாதப் படிக்கும், அவர் பெயரில் ஒரு சேமிப்புக்கும். ஆற்றுப்படுத்தலும் குடும்ப வன்முறைச் சட்டமும் ஒரு மாதம் கற்றுக்கொடுத்தால் பின்வாசலில் நடப்பது இன்னும் நன்றாக நடக்கும். ஒரு பெண்ணை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று தடுமாற வேண்டியிருக்காது. இதற்கு நிதியில்லை என்று சொல்லும் அதே சேகரம், கோபுரத்தை இன்னும் இருபது அடி உயர்த்தத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, ஒரே ஆண்டில் வசூலித்து, பளிங்குக் கல்லில் பெயரும் வெட்டுகிறது. வசூலிக்கத் தெரியாத சபையல்ல இது.

தொகை சிறிதாக இருக்கட்டும். ஐயரின் சம்பளச் சீட்டோடு சேர்க்காமல், அந்த அம்மாவின் பெயரில், அவருடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டாம், அன்பாகவே செய்கிறேன் என்று திருப்பிக் கொடுக்கும் ஐயரம்மாக்களும் இருப்பார்கள். கொடுத்தால்தானே அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியும்?